19-19-19 மூட்டையும் நுனி அழுகலும்: தோட்டக்கலைச் சிறப்பு உரச் சந்தை குறித்த நிகழ்வு ஆய்வு

ஒரு ஹெக்டேர் பசுமைக்குடில். தேங்காய் நார்க்கழிவுப் பைகளில் 25,000 தக்காளிச் செடிகள். காய்ப்பு உச்சத்தில் செடிக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் என்று மொத்தம் 50 கன மீட்டர் தண்ணீர் சொட்டுநீரில் போகிறது. ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு கிலோ 19-19-19 (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் தலா 19 சதவீதம் உள்ள, நீரில் கரையும் உரம்) கரைக்கிறார்கள். அதாவது நாளொன்றுக்கு 25 கிலோ மூட்டை இரண்டு. நான்காவது கொத்தில் காய்களின் நுனி கறுத்து அமுங்குகிறது; இதுதான் நுனி அழுகல். கொழுந்து இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடமெல்லாம் மஞ்சளாகின்றன.

இது எந்தத் தனிப் பண்ணையையும் பற்றியது அல்ல. நீரில் கரையும் உரத்துக்குப் புதிதாக மாறும் தோட்டங்களில் இதே வரிசையில் நடப்பவற்றைத் தொகுத்து அமைத்த மாதிரி இது. எண்கள் எல்லாமே மூட்டையில் அச்சிட்ட சத்து விகிதத்தையும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் வைத்துப் போட்ட கணக்கு. யாரும் தாளில் போட்டுச் சரிபார்க்கலாம்.

தண்ணீரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பாதி விடை அங்கேதான் இருக்கிறது. லிட்டருக்குக் கால்சியம் 60 மி.கி., மெக்னீசியம் 15 மி.கி., பைகார்பனேட் 305 மி.கி. (அமிலத்தோடு வினைபுரியும் அளவைச் சொல்லும் அலகில் 5 மில்லி ஈக்விவலன்ட்). அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.8, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனான ஈ.சி. 0.5.

ஒன்றை மூட இன்னொன்று

நுனி அழுகல் என்றால் கால்சியம் குறைவு என்று கடையில் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. கால்சியம் நைட்ரேட் வாங்கி, 19-19-19 கரைத்து வைத்த அதே டேங்கில் கொட்டுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் கரைசல் மோர் மாதிரி வெளுக்கிறது. ஃபில்டரின் அழுத்த வித்தியாசம் ஏறுகிறது, கடைசி வரிசைச் சொட்டுவான்கள் ஊமையாகின்றன. அடைப்பு நீக்க ஒரு மருந்து வாங்குகிறார்கள். டேங்கில் கால்சியம் கலக்க முடியாது என்று தெரிந்ததும் இலைவழித் தெளிக்கும் கால்சியம் வருகிறது. மஞ்சளுக்கு இடிடிஏ இரும்பு (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் 'சீலேட்' வகைகளில் ஒன்று) வாங்கிப் பலன் இல்லை. கடைசியில் செடி சோர்ந்திருக்கிறது என்று கடற்பாசிச் சாறு ஒன்று.

ஆக ஆறு பொருள்கள். ஒவ்வொன்றும் முந்தையதால் வந்த குறையை மூடுவதற்காக வாங்கியது. சிறப்பு உரச் சந்தையில் பண்ணைகளின் பணம் இப்படியும் போகிறது. போலி உரத்தால் மட்டுமல்ல, நல்ல தரமான உரத்தைத் தப்பான இடத்தில் போட்டும் பணம் போகிறது. இது நமக்கு வருத்தம் தரும் விஷயம். விற்பவர் மூட்டையில் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. வாங்குபவரும் சிக்கனமாகச் சேமித்த பணத்தைத்தான் போடுகிறார்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது

19-19-19 என்று தனியாக ஓர் உப்பு கிடையாது. பெரும்பாலும் மூன்று பொருள்களின் கலவை அது. 100 கிலோவுக்குக் கணக்குப் பார்ப்போம். மணிச்சத்து 19 கிலோ வேண்டும். மோனோ அமோனியம் பாஸ்பேட் 12-61-0 என்பதால் 31 கிலோ போதும். அதிலேயே 3.7 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. சாம்பல்சத்து 19 கிலோவுக்குப் பொட்டாசியம் நைட்ரேட் (13-0-46) 41 கிலோ. அதனுடன் 5.4 கிலோ தழைச்சத்து. மீதி 9.9 கிலோ தழைச்சத்துக்கு 21.5 கிலோ யூரியா. கூட்டினால் 94 கிலோ. எஞ்சிய ஆறு கிலோவில் நுண்சத்தும் நிறமும் அடங்கும்.

எனவே இந்த மூட்டையின் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. உயிருள்ள மண்ணில் யூரியா சில நாளில் அமோனியமாகி, பிறகு நைட்ரேட்டாகிவிடும். அங்கே பெரிய குறையில்லை. நார்க்கழிவுப் பையில் அந்த மாற்றம் மெதுவாக நடக்கிறது. ஒரு பங்கு வடிநீரோடு அப்படியே வெளியேறும். மாறுகிற பங்கு முதலில் அமோனியமாகி நிற்கும். வேர் அமோனியத்தை உறிஞ்சும்போது கால்சியத்துக்கு வழி குறைகிறது.

இதைவிட ஆபத்தான இன்னொன்று உண்டு. யூரியாவுக்கு மின்னேற்றம் இல்லை, ஆகவே ஈ.சி. மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோ 19-19-19 போட்டால் ஈ.சி. சுமார் 0.8 ஏறும், தண்ணீரின் 0.5 சேர்த்து 1.3. காய்க்கும் தக்காளிக்கு 2.0 வேண்டும் என்று எங்கோ படித்தவர், மீட்டர் 2.0 காட்டும்வரை கரைத்தால் 1.9 கிலோ போட வேண்டியிருக்கும். அப்போது தழைச்சத்து லிட்டருக்கு 360 மி.கி., தேவைக்கு ஏறத்தாழ இரு மடங்கு. செடி கருகருவென்று தழைக்கும், காய் பிடிக்காது. மீட்டரோ எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும்.

இனி தேவையோடு ஒப்பிடுவோம். இந்த நிலைத் தக்காளிக்கு லிட்டருக்கு நைட்ரஜன் 190, பாஸ்பரஸ் 40, பொட்டாசியம் 310, கால்சியம் 150, மெக்னீசியம் 45 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். இவை தனிமக் கணக்கு. மூட்டையில் அச்சிடும் தழைச்சத்து நைட்ரஜனேதான்; ஆனால் மணிச்சத்து பாஸ்பரஸின் ஆக்சைடு கணக்கு, சாம்பல்சத்து பொட்டாசியத்தின் ஆக்சைடு கணக்கு. மணிச்சத்தை 0.436 ஆலும் சாம்பல்சத்தை 0.83 ஆலும் பெருக்கினால்தான் தனிமம் கிடைக்கும். இந்த ஒரு பெருக்கலைச் செய்யாமல் உர அட்டவணை போட்டுக் கெட்ட தோட்டங்கள் நிறைய.

ஒரு கிலோ 19-19-19 தருவது: நைட்ரஜன் 190 சரி, பாஸ்பரஸ் 83, இரு மடங்கு, பொட்டாசியம் 158, பாதி, கால்சியமும் மெக்னீசியமும் சுழி. தண்ணீரில் உள்ள 60 மி.கி. கால்சியத்தை நம்பித்தான் 25,000 செடிகளும் காய்க்கின்றன. நார்க்கழிவு முன்கூட்டியே கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து அலசப்படாததாக இருந்தால், அந்த அறுபதிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும்.

மிகையான மணிச்சத்தை எடை போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 98 கிராம், நாளுக்கு 4.9 கிலோ, நூறு நாளில் 490 கிலோ. கரையும் உரங்களில் விலை கூடிய சத்து மணிச்சத்துதான். அது வடிநீரோடு போனது மட்டுமல்ல, வேரருகே இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறது. கொழுந்து மஞ்சளுக்கு ஒரு காரணம் இது.

சந்தை உண்மையில் எதை விற்கிறது

சிறப்பு உரத்தின் விலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்: சத்தின் விலை ஒன்று, தன்மையின் விலை மற்றொன்று. 100 கிலோ பொட்டாசியம் நைட்ரேட்டில் உள்ள சத்தை 28 கிலோ யூரியாவும் 77 கிலோ பொட்டாசியம் குளோரைடும் சேர்ந்து தந்துவிடும். அந்த இரண்டின் விலையைக் கூட்டி, பொட்டாசியம் நைட்ரேட்டின் விலையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது தன்மைக்கான கூடுதல் விலை. அது எதற்கு? தழைச்சத்து நைட்ரேட் வடிவில் இருப்பதற்கு. 77 கிலோ குளோரைடு உப்போடு வரும் சுமார் 36 கிலோ குளோரைடு இல்லாமல் இருப்பதற்கு. கரைத்தால் வண்டல் தங்காமல் இருப்பதற்கு.

இந்த மூன்றும் உங்கள் பயிருக்குத் தேவையா என்பதே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்ட்ராபெரி, அவகாடோ, பீன்ஸ் ஆகியவை குளோரைடைத் தாங்காது. அங்கே அந்தக் கூடுதல் விலை நியாயம். தக்காளி ஓரளவு தாங்கும். நம் தண்ணீரில் குளோரைடு குறைவாக இருந்தால், பொட்டாசியத்தில் ஒரு பங்கை வெள்ளை நிறப் பொட்டாசியம் குளோரைடாகக் கொடுக்கலாம். வெள்ளை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: சிவப்பு ரகத்தின் நிறம் இரும்பு ஆக்சைடு. அது கரையாது, நேராக ஃபில்டரில் போய் நிற்கும்.

இந்த உப்புகளின் மூலம் உலகில் சில இடங்களில் குவிந்திருக்கிறது என்பதால் விலை அடிக்கடி துள்ளுகிறது. பொட்டாசியம் நைட்ரேட்டை சிலியின் அடகாமா பாலைவனத்துக் கலிச்சே தாதுவிலிருந்து எஸ்.க்யூ.எம். என்ற நிறுவனம் எடுக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நிறுவனம் பொட்டாசியம் குளோரைடையும் நைட்ரிக் அமிலத்தையும் வினைப்படுத்திச் செய்கிறது. கால்சியம் நைட்ரேட்டின் கதை வேறு. எர்லிங் யோன்சன் 1920களின் இறுதியில் நார்வேயின் ஓடாவில் கண்ட முறையில், பாஸ்பேட் பாறையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக் காம்ப்ளக்ஸ் உரம் (பல சத்துகள் சேர்ந்த உரம்) செய்யும்போது கால்சியம் நைட்ரேட் துணைப்பொருளாகப் பிரிகிறது. அந்த வழியில் வரும் கால்சியம் நைட்ரேட்டின் அளவு, வயல் பயிர்களுக்கான காம்ப்ளக்ஸ் உர உற்பத்தியோடு கட்டுண்டது.

தோட்டக்காரர் எதிர்பாராத போட்டியாளர்களும் இருக்கிறார்கள். சூரிய வெப்ப மின் நிலையங்களில் வெப்பத்தைச் சேமிக்கும் உருகிய உப்பில் 40 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரிகளுக்குத் தூய பாஸ்பேட் வேண்டும்; கரையும் மணிச்சத்து உரங்களுக்கும் அதே தூய்மைதான் வேண்டும். 2021 அக்டோபர் 15 முதல் சீனா உர ஏற்றுமதிக்குச் சுங்கப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் பெலாரஸ் பொட்டாஷுக்கு லிதுவேனியா வழியாகச் செல்லும் ரயில் பாதை மூடியது. இரண்டும் நடந்தது சில மாத இடைவெளியில். ஒரே ஒரு பிராண்ட் கலவையை நம்பியிருக்கும் பண்ணைக்கு அப்போது மாற்று வழி இருக்காது. தனி உப்புகளை வைத்துக் கணக்குப் போடத் தெரிந்த பண்ணை, ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளும்.

மாற்றிய கரைசல்

அமிலத்திலிருந்து தொடங்க வேண்டும். 5 மில்லி ஈக்விவலன்ட் பைகார்பனேட்டில் 1 மட்டும் விட்டு 4-ஐ நடுநிலைப்படுத்த, 60 சதவீத நைட்ரிக் அமிலம் கன மீட்டருக்குச் சுமார் 0.31 லிட்டர். இதனால் 56 கிராம் நைட்ரஜன் சேர்கிறது. தேவையில் கால் பங்குக்கு மேல் இதுவே. இதைக் கணக்கில் சேர்க்காமல் உரம் போடுபவர்கள், கூடுதல் தழைச்சத்து எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கேனைத் திறக்கவே கூடாது.

கால்சியம் 90 மி.கி. கூட்ட வேண்டும். கால்சியம் நைட்ரேட்டில் 19 சதவீதம் கால்சியம், எனவே 474 கிராம்; அதில் நைட்ரஜன் 73. பாஸ்பரஸ் 40-க்கு மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0-52-34) 176 கிராம்; பொட்டாசியம் 50 கூடவே வரும். நைட்ரஜனில் எஞ்சிய 61-க்குப் பொட்டாசியம் நைட்ரேட் 469 கிராம், பொட்டாசியம் 179. இன்னும் வேண்டிய 81 பொட்டாசியத்துக்குப் பொட்டாசியம் சல்பேட் 195 கிராம். அதற்குப் பதில் வெள்ளைக் குளோரைடு என்றால் 162 கிராம். லிட்டருக்கு 76 மி.கி. குளோரைடு ஏறும், தக்காளி தாங்கும். மெக்னீசியம் 30-க்கு மெக்னீசியம் சல்பேட் 306 கிராம்.

மொத்த எடை கன மீட்டருக்கு 1.62 கிலோ. ஒரு கிலோவிலிருந்து கூடியிருக்கிறதே என்று தோன்றும். எடையைப் பார்த்து விலையை முடிவு செய்யக் கூடாது. பழைய ஒரு கிலோவில் விலை கூடிய மணிச்சத்து 190 கிராம். புதியதில் 92 கிராம்தான். ஆறு பொருள்களின் பில்லையும் இந்த ஐந்து உப்பு, அமிலம், இரும்பு ஆகியவற்றின் பில்லையும் பக்கத்தில் வைத்து, உங்கள் இடத்து விலையைப் போட்டுப் பாருங்கள். அதுதான் சரியான ஒப்பீடு.

நூறு மடங்கு அடர்த்தியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இரண்டு. முதல் டேங்கில் கால்சியம் நைட்ரேட் 47.4 கிலோ, பொட்டாசியம் நைட்ரேட்டில் பாதி, இரும்பு. இரண்டாவதில் பாஸ்பேட், சல்பேட்டுகள், மீதிப் பொட்டாசியம் நைட்ரேட், மற்ற நுண்சத்துகள். கால்சியம் ஒரு பக்கம், பாஸ்பேட்டும் சல்பேட்டும் மறுபக்கம்: இந்தப் பிரிவை மீறவே கூடாது. அமிலத்துக்குத் தனி டேங்க், ஏனெனில் கடும் அமிலத்தில் இரும்புச் சீலேட் உடைந்துவிடும். கரைக்கப் பயன்படுத்தும் தண்ணீரிலேயே 60 மி.கி. கால்சியம் இருப்பதால் இரண்டாவது டேங்கும் லேசாகக் கலங்கும். பாஸ்பேட் போடும் முன் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டுக்கொண்டால் தெளிவாக நிற்கும்.

பொட்டாசியம் நைட்ரேட் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு 200 கிராம் போட்டுக் கலக்கினால் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்து, வாளியின் வெளிப்புறத்தில் வியர்க்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு 316 கிராம் கரையும் இந்த உப்பு, 10 டிகிரியில் 209 கிராமும் 0 டிகிரியில் 133 கிராமும்தான் கரையும். மாலையில் தெளிவாக விட்டுப்போன டேங்கின் அடியில், குளிர்ந்த காலையில் ஊசி ஊசியாகப் படிகம் நிற்கும். உரம் மட்டமானது என்று மூட்டையைத் திருப்பி அனுப்பாதீர்கள். அடர்த்தியைக் குறையுங்கள், அல்லது வெயில் ஏறிய பிறகு கலக்குங்கள்.

அடைப்பும் இரும்பும்

அடைத்த சொட்டுவானை வெட்டி, உள்ளிருக்கும் வெள்ளைப் படிவின்மேல் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விடுங்கள். நுரைத்தால் கார்பனேட், தண்ணீரின் பைகார்பனேட்டால் வந்தது. நுரைக்காமல் கரைந்தால் கால்சியம் பாஸ்பேட், டேங்கில் கலந்ததால் வந்தது. இரண்டையும் அமிலம் விட்டுக் கழுவலாம். கரையாமல் அப்படியே நின்றால் பெரும்பாலும் ஜிப்சம். அதற்கு அமிலம் பயன்படாது. லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவே கரையும் பொருள் அது, நிறைய வெறுந்தண்ணீர் ஓட்டிப் பார்க்கலாம், அல்லது குழாயை மாற்ற வேண்டியதுதான். எது என்று பார்க்காமல் கேன் கேனாக அமிலம் ஊற்றுவது வீண்.

இடிடிஏ இரும்பு பி.எச். 6 தாண்டியதும் நிலைகுலையத் தொடங்கும். டிடிபிஏ 7 வரை தாக்குப்பிடிக்கும். இடிடிஎச்ஏ 9 வரை நிற்கும். 7.8 தண்ணீரில் இடிடிஏ போட்டதால்தான் பலன் இல்லை. அமிலம் சேர்த்துக் கரைசலை 5.8-க்குக் கொண்டுவந்த பிறகு, டிடிபிஏவே போதுமானது. விலை மிகுந்த இடிடிஎச்ஏ சுண்ணாம்பு மண்ணுக்கு. 6 சதவீதம் இரும்பு உள்ள எந்தச் சீலேட் ஆனாலும், லிட்டருக்கு 2 மி.கி. தர ஆயிரம் லிட்டர் டேங்கில் 3.3 கிலோ. டேங்கை வெயில் படாமல் மூடி வையுங்கள். சூரிய ஒளி சீலேட்டைச் சிதைக்கும். இடிடிஎச்ஏ வாங்குவதானால், மொத்த இரும்பு விகிதத்தைவிட 'ஆர்த்தோ-ஆர்த்தோ' விகிதத்தைக் கேளுங்கள். மண்ணில் நிலைத்து நிற்பது அந்தப் பங்குதான்.

இலைவழிக் கால்சியம் பற்றி ஒரு வரி: கால்சியம் இலையிலிருந்து காய்க்கு நகராது, தக்காளிக் காயின் தோலில் இலைத்துளைகள் இல்லை. நேராகக் காயில் பட்டால் சிறிது உதவும், அவ்வளவே. ஏற்கெனவே கறுத்த காய் தேறாது; கிள்ளிவிட வேண்டும். கரைசலை மாற்றிய பிறகு பூக்கும் கொத்துகளைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும், மூன்று நான்கு வாரம் ஆகும். இடையில் பை காய்ந்தாலோ வடிநீர் ஈ.சி. ஏறினாலோ, கால்சியம் நிறைய இருந்தும் அழுகல் திரும்பும்.

பூச்சு உரம்

கூடுதல் விலை நமக்குத் தேவைதானா என்ற இதே கேள்வி தொட்டி நாற்றங்காலில் வேறு உருவில் வரும். சத்தை மெல்ல மெல்ல வெளியிடும் பூச்சிட்ட உர மணிகளில் '8-9 மாதம்' என்று எழுதியிருப்பது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு. சில வகை 21 டிகிரிக்கு, சில 25-க்கு. வேர்ப்பகுதி 30 டிகிரி தாண்டினால் மாதக்கணக்கு வெகுவாகச் சுருங்கும். ஐரோப்பியத் தர அளவுகோல்படி 25 டிகிரித் தண்ணீரில் முதல் 24 மணி நேரத்தில் 15 சதவீதத்துக்கு மேலும், 28 நாளில் 75 சதவீதத்துக்கு மேலும் வெளியேறக் கூடாது. ஊடகத்தோடு கலந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் தொட்டியில் நிரப்பிவிடுங்கள். ஈரக் குவியலில் கிடந்தால் உப்பு சேர்ந்து நாற்றின் வேரைச் சுட்டுவிடும். கலவை எந்திரத்தில் நெடுநேரம் சுற்றினால் பூச்சு உடையும். உடைந்த மணிக்குக் கொடுத்த கூடுதல் விலை அங்கேயே போயிற்று.

புதிய லாட் வந்தால்

ஒவ்வொரு புது லாட்டிலிருந்தும் டேங்கில் கரைக்கும் அடர்த்திக்கே ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் கரைத்து, இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். காலையில் அடியில் படிவு எவ்வளவு, மேலே எண்ணெய்ப்படலம் உண்டா என்று பாருங்கள். பிறகு சொட்டுநீர் அடர்த்திக்கு நீர்த்து ஈ.சி. எடுத்து, முந்தைய லாட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஈ.சி. திடீரென்று குறைந்திருந்தால் நைட்ரேட்டுக்குப் பதில் யூரியா கூடியிருக்கலாம். மூட்டையில் தழைச்சத்தை நைட்ரேட், அமோனியம், அமைடு (யூரியா) என்று பிரித்து எழுதியிருக்கும் சிறு எழுத்தைப் படியுங்கள். அப்படிப் பிரித்து எழுதாத மூட்டையை நார்க்கழிவுத் தோட்டத்துக்கு வாங்காதீர்கள்.